எரிப்பவர் ஒருவர், இருமுபவர் மற்றொருவர்!

தோழனே!

மலையெனக் குவிந்து கிடக்கிறது கஞ்சா. மூட்டைமேல் மூட்டை, குவியலுக்கு அருகே குவியல். சுற்றிலும் காவலர்; அவர்களுக்கு முன்னே அதிகாரிகள்; அதிகாரிகளுக்கு முன்னே படக்கருவிகள். தீ வைக்கப்படுகிறது. செந்நாக்கு நீட்டி எழுகிறது நெருப்பு; அந்த நெருப்பையும் விஞ்சி எழுகிறது புகை!

நாடகத்துக்காக நான் தீட்டிய காட்சி என்று எண்ணிவிடாதே. 2022 பிப்ரவரி 12ஆம் நாள், ஆந்திர மாநிலத்தில், அன்றைய விசாகப்பட்டினம் மாவட்டத்து அனகாப்பள்ளிக்கு அருகே நடந்த நிகழ்ச்சி இது. எரிக்கப்பட்டது ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோ கஞ்சா. உலையிலே அல்ல, புகைபோக்கியின் அடியிலே அல்ல, திறந்த வெளியிலே, வானமே கூரையாக!

மறுநாள் ஏடுகள் எடையை எழுதின, விலைமதிப்பை எழுதின, வீரத்தை எழுதின. புகை எந்தத் திசையில் போயிற்று, எந்த ஊர்க் கூரைமேல் படிந்தது, எந்தக் குழந்தையின் நெஞ்சில் இறங்கிற்று என்பதை எழுதிய ஏட்டை நான் காணவில்லை. எடைக்குக் கணக்கு உண்டு, புகைக்கு இல்லை. அந்தக் கணக்கைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உன்னோடு அமர்ந்து பார்க்க விழைகிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். "கண்டீர்களா! கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்க வந்துவிட்டான்" என்று கூற ஒரு கூட்டம் காத்திருக்கும். போதை, ஏழையின் குடிசையில் புகுந்த திருடன். தாயின் தாலியையும் தம்பியின் புத்தகத்தையும் விற்க வைக்கும் கொடியவன். அதை அழித்தே தீரவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் கேள்வி அழிப்பதைப் பற்றியது அல்ல. அழிக்கும் முறையைப் பற்றியது. பாம்பை அடிக்கவேண்டும் என்பதற்காகப் பக்கத்தில் உறங்கும் பாலகன்மேல் தடியை இறக்கலாமா?

நான் கல்லூரிப் படிப்பை இடையிலே விட்டவன். வேதியியல் பட்டம் எனக்கில்லை. ஆனால் புகையோடு எனக்குப் பழைய உறவு உண்டு. எங்கள் நாடகக் குழுவிலே அரண்மனை தீப்பற்றும் காட்சி ஒன்று. திரைக்குப் பின்னே தணலில் குங்கிலியத் தூளைக் கொட்டுவோம். புகை எழும், மக்கள் வியப்பார்கள். ஒருநாள் ஆர்வ மிகுதியால் ஒருவன் அள்ளிக் கொட்டிவிட்டான். தரையில் அமர்ந்திருந்த முன்வரிசை முழுதும் இருமிற்று. கைக்குழந்தையை அணைத்தபடி ஒரு தாய் எழுந்து ஓடினார். அரசன் நடித்தான், அமைச்சன் நடித்தான், தீகூட நடித்தது. புகை மட்டும் நடிக்கவில்லை! மேடையில் இருப்பவனுக்கு அது காட்சி. முன்வரிசையில் இருப்பவனுக்கு அது மூச்சுத் திணறல். அன்று கற்ற பாடம் இன்று பயன்படுகிறது. ஆட்சியாளர் மேடையிலே எரிக்கின்றனர். முன்வரிசையில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதைத்தான் நாம் பார்க்கவேண்டும்.

"திறந்த வெளியில் எரிக்காமல் வேறென்ன செய்வது? சட்டத்தில் வழி உண்டா?" என்று கேட்பாய். உண்டு, தோழனே! சட்டம் ஊமையல்ல, அதைப் படிக்கவேண்டியவர்தாம் கண்ணை மூடிக்கொள்கின்றனர்.

போதைப் பொருள் சட்டம் 1985இல் வந்தது. கைப்பற்றிய பொருளை வழக்கு முடியுமுன்பே அழிக்க வழிசெய்யும் பிரிவு 52ஏ, 1989இல் சேர்க்கப்பட்டது. அதன்கீழ் 2015ஆம் ஆண்டு சனவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவிக்கை என்ன கூறிற்று தெரியுமா? காற்று மாசைத் தடுக்கும் கருவிகள் பொருத்திய, புகை அளவு நெறிகளுக்கு உட்பட்ட எரிஉலையிலேதான் எரிக்கவேண்டும்; மக்கள் உடல்நலத்துக்கு ஊறு நேராதிருக்க மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் பெறவேண்டும் என்று கூறிற்று. அனகாப்பள்ளியில் தீ எழுந்தது எப்போது? அந்த அறிவிக்கை வந்து ஏழாண்டுகள் கழித்து! சட்டத்தைக் காக்கும் கரங்களே சட்டத்தின் ஒரு பக்கத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மறு பக்கத்தை நெருப்பிலே போட்டால், அதற்கு என்ன பெயர் சூட்டுவது?

எரிஉலை என்றால் வெறும் அடுப்பு என்று நினைத்துவிடாதே. மருத்துவக் கழிவுகளுக்காக 2016ஆம் ஆண்டு மார்ச்சில் வந்த விதிகளைப் புரட்டிப் பார். உலைக்கு இரண்டு அறைகள் வேண்டும். முதல் அறையில் 800 பாகை வெப்பம்; அங்கே பொருள் எரிந்து புகையாகிறது. அந்தப் புகை இரண்டாம் அறைக்குள் நுழைந்து, ஏறத்தாழ 1,050 பாகை வெப்பத்தில் இரண்டு நொடியேனும் தங்கி, மீண்டும் எரியவேண்டும். முதல் அறை பொருளை எரிக்கிறது. இரண்டாம் அறை புகையையே எரிக்கிறது! அதன் பிறகு நீர்த்தூவலாலும் வடிகட்டியாலும் கழுவப்பட்டு, 30 மீட்டர் உயரப் புகைபோக்கி வழியே வெளியேற வேண்டும். அப்படி வெளியேறும் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் தூசு இருத்தல் ஆகாது. டையாக்சின், பியூரான் என்னும் நச்சுகள் 0.1 நானோகிராமைத் தாண்டுதல் ஆகாது. நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அதிலும் பத்தில் ஒன்றே எல்லை! அவ்வளவு கொடியது அந்த நஞ்சு; புற்றுநோயின் தோழன் அது.

அந்த நஞ்சு எங்கிருந்து பிறக்கிறது? குளோரின் கலந்த நெகிழியைக் குறைந்த வெப்பத்தில் எரிக்கும்போது பிறக்கிறது. எரிந்த வாயு 200 பாகைக்கும் 450 பாகைக்கும் இடையிலே மெல்ல மெல்ல ஆறினாலும் மீண்டும் உருவாகிறது. ஆகவேதான் நல்ல உலையிலே வாயுவை விரைந்து குளிர்விக்கின்றனர். இனி நீயே எண்ணிப் பார். ஈரம் காயாத மூட்டைகள், நெகிழி உறைகள், ஒட்டு நாடாக்கள், திறந்த வெளியில் புகைந்து புகைந்து எரியும் குவியல்! இரண்டாம் அறை எங்கே? வடிகட்டி எங்கே? புகைபோக்கி எங்கே? அந்தக் குவியலைச் சுற்றி வாழும் மக்களின் நுரையீரல்தான் இரண்டாம் அறை. அவர்கள் மூக்கேதான் வடிகட்டி!

"இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், சிறிது நேரப் புகையால் யாருக்கு என்ன கேடு வந்துவிடும்?" என்பார் உண்டு. உலகம் சில விடைகளை வைத்திருக்கிறது.

2015ஆம் ஆண்டு. இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவின் மேற்கே பால்மேரா என்னும் பகுதி. காவலர்கள் மூன்று டன்னுக்கும் மேற்பட்ட கஞ்சாவை எரித்தனர். காவலர் முகத்தில் கவசம். அண்டை வீட்டாருக்கோ தலைவலி, தலைச்சுற்றல்!

2025 ஏப்ரல். துருக்கியின் தியார்பக்கிர் மாகாணம், லிசே என்னும் சிற்றூர். மக்கள்தொகை ஏறத்தாழ 25,000. இருபது டன்னுக்கு மேற்பட்ட கஞ்சாவை அங்கே காவலர்கள் எரித்தனர். மூட்டைகளை எப்படி அடுக்கினர் தெரியுமா? ஊரின் பெயரே எழுத்தெழுத்தாய்த் தெரியும்படி அடுக்கித் தீயிட்டனர்! ஊர்ப்பெயர் எரிந்தது, ஊர் திணறிற்று. நாள்கணக்கில் சன்னலைத் திறக்க இயலவில்லை என்றும், குழந்தைகள் நோயுற்றனர் என்றும் முறையிட்டனர் மக்கள். படம் எடுப்பதற்காக அடுக்கிய அழகு, பிணி கொடுப்பதற்கு உதவிற்று.

"அவை திறந்த வெளி, உலையிலே எரித்தால் கவலையில்லையே" என்கிறாயா? அமெரிக்காவுக்கு வா. 2025 செப்டம்பர், மொன்டானா மாநிலத்துப் பில்லிங்ஸ் நகரம். விலங்குகளின் உடலை எரிக்கும் உலை ஒன்றிலே, கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையினர் கைப்பற்றிய மெத்தம்பெட்டமைனை எரித்தனர். எவ்வளவு? இரண்டு பவுண்டு, ஒரு கிலோ கூட நிறையவில்லை! மேலே போகவேண்டிய புகை திரும்பிற்று. அருகேயிருந்த விலங்குக் காப்பகத்தை நிரப்பிற்று. பதினான்கு ஊழியர் மருத்துவமனைக்குச் சென்றனர். எழுபத்தைந்து நாய்களும் பூனைகளும் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. செல்வத்தில் திளைக்கும் நாடு. கருவிகளில் குறைவில்லாத நாடு. அங்கேயே ஒரு கிலோவுக்கும் குறைவான பொருள் அவ்வளவு பாடுபடுத்திற்று என்றால், இரண்டு லட்சம் கிலோவைத் திறந்த வெளியில் எரித்துவிட்டுத் தீங்கில்லை என்று எவரால் துணிந்து கூறமுடியும்?

ஏன் இந்த அவசரம், ஏன் இந்த ஆரவாரம் என்று கேட்கத் தோன்றும். உண்மையிலே அவசரம் கூட இல்லை, தோழனே! ஆண்டுக்கணக்கில் உறங்கிவிட்டு, ஒருநாள் விழித்துத் தீயிடுகின்றனர். அந்த உறக்கத்தின் கதையையும் கேள்.

கைப்பற்றிய போதைப் பொருள் காவல் நிலையக் கிடங்குகளில் கிடந்து மட்குவதையும், களவு போவதையும், மீண்டும் சந்தைக்கே திரும்புவதற்கு வழி இருப்பதையும் கண்டு, 2016 சனவரி 28ஆம் நாள், மோகன்லால் வழக்கிலே உச்சநீதிமன்றம் கடிந்துரைத்தது. முறையான கிடங்கு அமைக்கவும், முறையாக அழிக்கவும் ஆணையிட்டது. ஆணை பிறந்தது. ஆறாண்டுகள் ஓடின. 2022 நவம்பரில் உத்தரப் பிரதேசத்து மதுராவிலிருந்து வந்த செய்தி என்ன? கிடங்கிலிருந்த 581 கிலோ கஞ்சாவை எலிகள் தின்றுவிட்டனவாம்! நீதிமன்றத்திலே கூறப்பட்ட விளக்கம் அது. வடக்கைப் பார்த்துச் சிரிக்காதே. நம் சென்னைக்கும் அந்தச் சிறப்பு உண்டு. 2020இல் இருவரிடம் 22 கிலோ கஞ்சா பிடிபட்டதாக வழக்கு. 2023 சூலையில் அது முடிவுக்கு வந்தபோது, பொருள் எங்கே என்ற கேள்விக்கு எலியே விடையாக வந்தது; இருவரும் விடுதலையாயினர்.

நாடகம் எழுதுபவன் கை சும்மா இருக்குமா? என் மனமேடையிலே ஒரு காட்சி ஓடிற்று.

"கைப்பற்றிய கஞ்சா எங்கே?"

"எலி தின்றுவிட்டது, ஐயா!"

"தின்ற எலி எங்கே?"

"தலைமறைவாகிவிட்டது, ஐயா! தனிப்படை அமைத்திருக்கிறோம்!"

நகைச்சுவைதான். ஆனால் நகைத்து முடித்தபின் நெஞ்சு கனக்கிறது. பொருளை உரிய காலத்தில் அழித்திருந்தால் எலிமேல் பழி போட வேண்டியதில்லை. நீதித்துறை நடுவர் முன்னிலையில் பட்டியலிட்டு, படமெடுத்து, மாதிரி எடுத்துச் சான்று பெற்றுவிட்டால் போதும். அதுவே முதன்மைச் சான்றாகும் என்று பிரிவு 52ஏ வழி காட்டுகிறது. சிறிது சிறிதாக, மாதந்தோறும், முறையான உலையிலே எரித்து முடித்திருக்கலாம். செய்யாமல் சேர்த்து வைக்கின்றனர். சேர்த்தது மலையாகிறது. மலையானதும் விழா எடுக்கின்றனர்!

விழா என்று நான் சொல்வது மிகையல்ல. 2022 சூலை 30இல் சென்னை உள்ளிட்ட நான்கு நகரங்களில் 30,000 கிலோவுக்கு மேல் எரிக்கப்பட்டது. ஒன்றிய உள்துறை அமைச்சர் சண்டிகரிலிருந்து காணொலியில் கண்டார். 2023 சூலை 17இல், ஒரே நாளில், பல நகரங்களில் 1,44,000 கிலோ. மதிப்பு 2,416 கோடி ரூபாய் என்றனர். அன்றும் அமைச்சர் டெல்லியிலிருந்து காணொலியிலேதான் கண்டார். காணொலிக்கு ஒரு வசதி உண்டு, தோழனே! அதில் தீ தெரியும்; புகை மணக்காது!

எடையையும் மதிப்பையும் அறிவித்த வாய்கள், எந்தெந்த உலையில் எரித்தோம், அன்று புகைபோக்கியில் தூசு எவ்வளவு, டையாக்சின் எவ்வளவு என்பதையும் அதே மூச்சில் அறிவித்திருக்க வேண்டாமா? டையாக்சின் சோதனை ஆண்டுக்கு ஒருமுறை நடந்தால் போதும் என்பதே 2016ஆம் ஆண்டு விதி. ஆண்டுக்கு ஒருநாள் அளவுகோல். மற்ற நாள்களில் ஆண்டவன் விட்ட வழி! மருத்துவமனைக் கழிவுக்காக அமைந்த உலையிலே டன் கணக்கில் கஞ்சா கொட்டப்படும் நாள், அந்தச் சோதனை நாளாக இருக்கவேண்டாமா?

இன்னொரு கேள்வி. அந்த உலைகள் எங்கே நிற்கின்றன? அமைச்சர்கள் வாழும் வீதியிலா? ஆலை முதலாளிகளின் மாளிகைக்கு அருகிலா? தமிழ்நாட்டிலே கைப்பற்றிய கஞ்சாவைப் பலமுறை எரித்த இடம், செங்கல்பட்டு மாவட்டத்துத் தென்மேல்பாக்கம். பெயரைக் கேள், நகரத்து வாசனை இருக்கிறதா? மாநகரம் மயங்குகிறது, சிற்றூர் மூச்சு விடுகிறது. மும்பையிலே கோவண்டி என்னும் பகுதி; குப்பைமேட்டின் நிழலிலே ஏழைகள் வாழும் இடம். அங்கே மருத்துவக் கழிவு உலை ஒன்று நின்றது. இருமி இருமி ஓய்ந்த மக்கள் வழக்கு மன்றம் ஏறினர். 2023 செப்டம்பரில், இரண்டாண்டுக்குள் அதை அப்புறப்படுத்த வேண்டும் என்று ஆணையிட்டது மும்பை உயர்நீதிமன்றம். ஏழைகள் எழுந்து நின்றபோதுதான் நீதி நடந்து வந்தது, நினைவில் கொள்.

தூய காற்று என்பது கெஞ்சிக் கேட்கும் பிச்சையல்ல. காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981இலேயே வந்தது. மாசற்ற நீரும் காற்றும் வாழ்வுரிமையின் பகுதியே என்று 1991இல் சுபாஷ் குமார் வழக்கிலே உச்சநீதிமன்றம் உரைத்தது. நுண்தூசிக்கு ஒருநாள் சராசரி எல்லை கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்று 2009இல் நம் நாடு வகுத்தது. 15ஐத் தாண்டாதிருப்பதே நலம் என்று 2021இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்தியது. நான்கு மடங்கு தளர்வான நம் எல்லையையும் எரிப்பு விழாவுக்காகக் காற்றில் பறக்கவிடலாமா?

இதுவரை காவலர் கைப்பற்றிய பொருளைப் பற்றிச் சொன்னேன். இனி உன் வீட்டு அலமாரியைத் திற. பாதி தின்ற மாத்திரை அட்டை. காலாவதியான இருமல் மருந்து. மறைந்துபோன பாட்டிக்கு வாங்கிய வலிமாத்திரை. இவற்றை என்ன செய்கிறாய்? குப்பையில் போடுகிறாய், அல்லது கழிப்பறையில் கொட்டுகிறாய். உன்மேல் குற்றமில்லை, வேறு வழி காட்டினார் எவர்?

2025 மே மாதத்தில் ஒன்றிய மருந்துத் தர நிறுவனம் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. பெண்டானில், டிரமடால் போன்ற 17 மருந்துகளைத் தவறானவர் கையில் சிக்காதிருக்கக் கழிப்பறையில் கொட்டிவிடலாம் என்றது. மற்றவற்றைத் திரும்பப் பெறும் மையங்கள் அமைக்கலாம் என்றது. குழந்தை எடுத்து விழுங்கி உயிர்விடும் ஆபத்தைவிட அது மேல் என்பது அதன் நியாயம்; அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சாக்கடையில் கலப்பது ஆற்றுக்கும் போகும். ஆற்றிலிருந்து குடத்துக்கும் வரும். திரும்பப் பெறும் மையம் தெருவுக்கு ஒன்று இருந்தால் கழிப்பறைக்கு வேலை ஏது? அமெரிக்காவிலே 2010 முதல், வேண்டாத மருந்தைத் திரும்பப் பெறத் தனி நாள் குறித்து, ஆண்டுக்கு இருமுறை திரட்டுகின்றனர். தொலைவு ஏன்? நம் அண்டைக் கேரளம் 2025இல் கோழிக்கோட்டில் தொடங்கிற்று. வீட்டில் கிடக்கும் மருந்தைத் திரட்டி முறையான உலைக்கு அனுப்பும் திட்டம் அது. கேரளத்தால் இயன்றது மற்றவரால் இயலாதா?

குப்பையில் போட்ட மாத்திரை என்ன ஆகிறது என்பதையும் கேள். அது மாநகராட்சி வண்டியேறிக் குப்பைமேடு போகிறது. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்தது, நாள்கணக்கில் புகை. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் பற்றிற்று. பத்து நாள்களுக்கு மேல் அந்நகரம் மூச்சுத் திணறிற்று. அந்தத் தீயிலே நெகிழி எரிந்தது. அதனோடு மாத்திரை அட்டைகளும் எரிந்திருக்கும் அல்லவா? மாத்திரையைப் போர்த்திய அட்டை பெரும்பாலும் குளோரின் கலந்த நெகிழியே. காவலர் மூட்டிய தீக்கு நாளாவது குறிக்கப்பட்டது. குப்பைமேட்டுத் தீக்கு நாளுமில்லை, நடுவருமில்லை. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் காலாவதியான மருந்தை வீட்டு அபாயக் கழிவு என்று பெயரிட்டுத் தனியே திரட்டச் சொல்லின. பெயர் சூட்டினர், தொட்டில் கட்டவில்லை!

வரலாற்றிலிருந்து ஒன்று கூறி மேலே செல்கிறேன்.

1839ஆம் ஆண்டு. சீனத்திலே லின் சேசூ என்னும் ஆணையர். வங்காளத்திலும் மாளவத்திலும் விளைந்த அபினை வெள்ளை வணிகர் கொண்டுவந்து சீன மக்களைச் சீரழித்த காலம். லின், இருபதாயிரம் பெட்டிகளுக்கு மேல் கைப்பற்றினார். ஆயிரம் டன்னுக்கும் மிகுதி. தீயிட்டாரா? இல்லை. எரித்தால் மண்ணில் ஊறும் அபினைத் தோண்டி எடுத்துவிடுவர் என்று அறிந்தவர் அவர். ஹூமென் கடற்கரையிலே பெருங்குழிகள் வெட்டினார். நீரும் உப்பும் சுண்ணாம்பும் இட்டு அபினைக் கரைத்தார். சூன் 3இல் தொடங்கி மூன்று வாரங்களுக்கு மேல் நடந்தது அந்த வேலை. கரைத்ததைக் கடலில் விடுமுன் அவர் செய்ததைக் கவனி. கடல் தெய்வத்துக்கு ஒரு வேண்டுதல் எழுதினார்: மாசு வருகிறது, நீர்வாழ் உயிர்களைச் சிறிது காலம் விலகி இருக்கச் செய்வாயாக என்று!

கடலில் கலந்தது சரியா என்றால், இன்றைய அறிவு சரியன்று என்றே கூறும். தெய்வத்திடம் வேண்டினால் மீன் தப்புமா என்றும் நீ கேட்கலாம். ஆனால் அந்த மனத்தைப் பார்! மூட்டிய வேலையின் தீங்கு யாரைச் சேரும் என்று எண்ணிய மனம் அது. மீனுக்காக மன்னிப்புக் கேட்டான் ஓர் ஆட்சியாளன், ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்கு முன்பு. மக்களிடம் ஒரு சொல் கூறாமல் புகை விடுகின்றனர் இன்று!

இனி, எதிர்ப்போர் எழுப்பும் கேள்விகளுக்கு வருகிறேன்.

"செலவு ஆகுமே!" என்பார். ஆகட்டும். கோடிக்கணக்கில் மதிப்புடையதை அழித்தோம் என்று முழங்குவோர்க்கு, அதைத் தூய்மையாக அழிக்கச் சில லட்சம் இல்லையா? வேண்டாத மருந்தைத் திரட்டும் செலவை, அதை விற்று இலாபம் கண்ட நிறுவனங்கள் ஏற்கட்டும். இலாபம் அவர்களுக்கு, இருமல் நமக்கு என்பது எந்த ஊர் நியாயம்?

"மக்கள் முன்னால் எரித்தால்தானே நம்பிக்கை வரும்? உலைக்குள் போட்டால், கைமாறிவிட்டது என்பார்களே!" என்பார். இந்தக் கேள்வியில் பொருள் உண்டு, மதிக்கிறேன். காவலர் கைப்பற்றியதை மக்கள் கண்முன் அழிக்கத்தான் வேண்டும். ஆனால் கண்முன் என்றால் மூக்கின்முன் என்று பொருளல்ல! நடுவர் முன்னிலையில் எடை பார்க்கட்டும். உலை வாயில் வரை படம் பிடிக்கட்டும். ஊராட்சித் தலைவரைச் சாட்சியாக அழைக்கட்டும். ஒளிவு மறைவின்மைக்குப் புகைமூட்டம் எதற்கு?

"எரிக்காமலே இருந்துவிடலாமா?" என்பார். எரிக்கத் தேவையற்றதை எரிக்கவேண்டாம். அபினும் அதிலிருந்து பிறக்கும் மார்பினும் கோடீனும் காசிப்பூரிலும் நீமச்சிலும் உள்ள அரசு ஆலைகளுக்குப் போய் மருந்தாக வழி இருக்கிறது. மற்றவை எரியட்டும், ஆனால் இரண்டு அறையும் வடிகட்டியும் உள்ள உலையிலே எரியட்டும்.

ஆகவே, நாம் கேட்பது இவைதாம். கைப்பற்றியதை ஆண்டுக்கணக்கில் குவிக்காதே. சான்று பெற்றவுடன் அழி. திறந்த வெளியில் ஒரு கிலோவும் எரிக்காதே. எரிக்கும் நாளை ஊராட்சிக்கு முன்னரே அறிவி. எரித்த நாளின் புகை அளவைத் தமிழில் எழுதி ஊராட்சிப் பலகையில் ஒட்டு. உலையைச் சுற்றி வாழும் மக்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவச் சோதனை நடத்து. அரசு மருத்துவமனை, மருந்துக்கடை ஒவ்வொன்றிலும் வேண்டாத மருந்துக்கு ஒரு பெட்டி வை. டெல்லியை நோக்கி மட்டும் இதை நான் கூறவில்லை. அரியணையில் யார் அமர்ந்திருப்பினும் கூறுகிறேன். நம்மவர் மூட்டிய தீயானாலும் புகை கறுப்புத்தான்!

உனக்கும் வேலை இருக்கிறது, தோழனே! கைதட்டிவிட்டுக் கலைவது தொண்டனின் வேலையல்ல. உன் மாவட்டத்து எரிஉலை எங்கே நிற்கிறது என்று கண்டுபிடி. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் உன் கையில் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுது. இசைவு ஆணையின் நகலைக் கேள். கடைசி டையாக்சின் சோதனை எந்த நாளில் நடந்தது என்று கேள். விடையைக் கிராமசபையில் எழுந்து நின்று படி. படிக்கத் தெரியாத கிழவிக்கும் புரியும்படி படி. நம் படிப்பகங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டிய பெட்டி வைத்துக் காலாவதியான மருந்தைத் திரட்டி, அதிகாரியின் கையில் ஒப்படைத்து, "இதை எங்கே அனுப்புவீர்?" என்று கேள். அவர் விழிப்பார். அந்த விழிப்புத்தான் தொடக்கம்!

போதை என்பது ஒருவன் வாங்கிக் குடிக்கும் நஞ்சு. புகை என்பது வாங்காதவனுக்கும் ஊட்டப்படும் நஞ்சு. கஞ்சாவைத் தொடாத கைக்குழந்தையின் நெஞ்சிலே கஞ்சாப் புகையை நிரப்பிவிட்டு, போதையை ஒழித்தோம் என்று பறைசாற்றுவது வெற்றியாகாது.

நாளை உன் ஊர் எல்லையில் மூட்டைகள் வந்து இறங்கலாம். படக்கருவிகள் வரலாம், பந்தமும் வரலாம். அன்று முன்வரிசையில் அமர்ந்து இருமிக்கொண்டிராதே. எழுந்து நில், "உலை எங்கே? இசைவு எங்கே? அளவு எங்கே?" என்று கேள்.

கேட்பவன் ஒருவன் எழுந்தால், எரிப்பவன் கை ஒரு நொடி தயங்கும். ஊரே எழுந்தால், கொண்டுவந்த மூட்டைகளை முறையான உலைக்கு ஏற்றிச் செல்வதைத் தவிர அவர்களுக்கு வழியிராது!